பணம் பெரிதா, பதில் பெரிதா?

பெரிய கம்பனி ஒன்றின் மீது பொதுமக்கள் வழக்குத் தொடர்ந்தார்கள் என்றும், வழக்கு விளக்கத்துக்கு வருமுன்னரே கம்பனி இத்தனை கோடி டொலர் கொடுத்து இணக்கம் செய்துகொண்டது என்றும் பத்திரிகைகளிலே அவ்வப்போது செய்தி வருகின்றது. “நியாயம் வென்றது” என்பார் ஒருவர். “அந்தப் பணம் அவர்களுக்குத் தூசு” என்பார் மற்றொருவர். அவ்வளவில் இருவரும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவர். அந்தப் பணத்தைக் கொடுத்துக் கம்பனி வாங்கியது யாது, அதனைப் பெற்ற மக்கள் விற்றது யாது என்று கேட்பவர் மிகச் சிலரே.

சட்டம் பயில விரும்பும் மாணவர் ஒருவர் சில நாட்களுக்கு முன் எம்மிடம் வந்து இதனையே கேட்டார். “ஐயா, குற்றம் செய்யாதவன் பணம் கொடுப்பானேன்? குற்றம் செய்தவனைப் பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவானேன்?” என்றார். வினா சிறிது, விடை நெடிது. நம் அடுக்களையிலே தொங்கும் ஒரு பாத்திரத்தின் கதையைக் கொண்டே அவருக்கு விடை சொன்னோம். அதனையே இவ்வாரம் நேயர்களுக்கும் சொல்லப் புகுகின்றோம்.

ஒட்டாத தாச்சி

1938 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே, டியூபொன்ற் என்னும் இரசாயனக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் றோய் பிளங்கெற் என்னும் இளம் விஞ்ஞானி குளிரூட்டும் வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். வாயு நிரப்பிய உருளை ஒன்றைத் திறந்தபோது வாயு வெளிவரவில்லை. உருளையின் நிறையோ குறையவுமில்லை. அதனை அறுத்துப் பார்த்தபோது உள்ளே வழுவழுப்பான வெண்ணிறத் தூள் இருந்தது. அமிலம் அதனை அரிக்கவில்லை; எப்பொருளும் அதன்மேல் ஒட்டவில்லை. இதுவே பின்னர் டெஃப்லொன் என்னும் வியாபாரப் பெயரால் உலகம் அறிந்த பொருளாகும். பிரான்சு தேசத்து எந்திரி ஒருவர் இதனை அலுமினியப் பாத்திரத்தின்மேல் படியச் செய்யும் வழியைக் கண்டார். 1956 ஆம் ஆண்டிலே அதற்கெனப் பிரான்சில் ஒரு கம்பனியும் தோன்றிற்று. இன்று நம்மவர் எண்ணெய் அதிகம் விடாமல் முட்டை பொரிக்கவும் தோசை சுடவும் வைத்திருக்கும் ஒட்டாத தாச்சி அவ்வழி வந்ததே.

இப்பொருளைத் தொழிற்சாலையில் ஆக்குதற்குச் சவர்க்காரம் போலச் செயற்படும் மற்றொரு பொருளின் துணை வேண்டியிருந்தது. எட்டுக் காபன் அணுக்களைக் கொண்டதாதலின் அதனைத் தொழிற்சாலையிலே ‘சி-8’ என்று அழைத்தனர். 1951 ஆம் ஆண்டு முதல் டியூபொன்ற் கம்பனி இதனை 3எம் என்னும் மற்றொரு கம்பனியிடம் வாங்கி, மேற்கு வேர்ஜீனியா மாநிலத்திலே, ஒகையோ நதிக்கரையில், பார்க்கர்ஸ்பேர்க் நகருக்கு அண்மையிலிருந்த தன் தொழிற்சாலையில் பயன்படுத்தி வந்தது. காபனும் புளோரினும் கைகோத்து நிற்கும் பிணைப்பு மிக வலியது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களாயினும் நம் ஈரலாயினும் அதனை எளிதிற் குலைக்கமாட்டா. ஒருமுறை இரத்தத்திற் புகுந்த சி-8 பாதியாகக் குறைவதற்கே இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் செல்லும்.

இல்லத்தரசிகள் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பாத்திரத்தின் மேற் பூச்சைப் பதிக்கும் கடுவெப்பத்திலே சி-8 பெரும்பாலும் நீங்கிவிடும். தாச்சியில் எஞ்சுவது மிகச் சொற்பம். ஆகவே தீங்கின் பெரும்பகுதி தாச்சியை வாங்கியவர்களின் அடுக்களையில் விளையவில்லை. பூச்சுப் பொருள் செய்யப்பட்ட ஊரின் தண்ணீரிலேதான் அது விளைந்தது.

பசுக்கள் சொன்ன செய்தி

பார்க்கர்ஸ்பேர்க் நகரின் புறத்தே மாடு வளர்த்து வாழ்ந்த விவசாயி ஒருவரின் குடும்பம் தன் நிலத்தின் ஒரு பகுதியை 1980 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அக்கம்பனிக்கு விற்றது. கம்பனி அங்கே கழிவுகளைப் புதைத்தது. அங்கிருந்து வழியும் சிற்றோடையிலேதான் அவருடைய மாடுகள் நீர் அருந்தின. காலப்போக்கிலே ஓடையில் நுரை கட்டியது. மாடுகள் மெலிந்தன, கண்கள் மங்கின, பற்கள் கறுத்தன, சாதுவாக நின்றவை வெறிகொண்டு பாய்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டவை மாண்டன. உள்ளூரிலே எவரும் அவர் சொல்லுக்குச் செவிசாய்க்கவில்லை. அவரோ இறந்த மாடுகளைத் தாமே அறுத்து, ஈரலையும் நுரையீரலையும் படக்கருவியிலே பதிவு செய்து வைத்தார்.

1998 ஆம் ஆண்டிலே அவர் ஒகையோ மாநிலத்துச் சின்சினாற்றி நகரிலிருந்த றொபேட் பிலொற் என்னும் சட்டத்தரணியைத் தொலைபேசியில் அழைத்தார். பிலொற்றின் பாட்டியார் அவ்வயலைச் சேர்ந்தவர். அவ்வழியாகவே தொலைபேசி இலக்கம் கிடைத்தது. அச்சட்டத்தரணியின் தொழிலோ இரசாயனக் கம்பனிகளின் சார்பிலே வழக்காடுவது! ஆயினும், படங்களைக் கண்டபின் மறுக்க மனம் ஒப்பாது 1999 இல் வழக்கைத் தாக்கல் செய்தார்.

நீதிமன்றின் கட்டளைப்படி கம்பனி தன் பழைய ஆவணங்களைக் கையளித்தது. பெட்டி பெட்டியாக வந்தவை ஏறத்தாழ 1,10,000 பக்கங்கள். சில அரை நூற்றாண்டுப் பழமையுடையவை. பிலொற் நிலத்திலே அமர்ந்து ஒவ்வொன்றாகப் படித்து, ஆண்டு வரிசையில் அடுக்கினார். அடுக்க அடுக்க ஒரு கதை எழுந்தது.

1961 ஆம் ஆண்டிலேயே கம்பனியின் ஆய்வாளர்கள் சி-8 விலங்குகளின் ஈரலைப் பெருக்கச் செய்வதைக் கண்டிருந்தார்கள். 1981 ஆம் ஆண்டில், இப்பொருள் எலிகளின் கருவிலே கண் ஊனத்தை விளைவிப்பதாக 3எம் கம்பனி அறிவித்தது. உடனே டியூபொன்ற் அப்பகுதியில் வேலைசெய்த பெண்களை வேறிடத்துக்கு மாற்றியது. அப்பெண்கள் ஈன்ற ஏழு குழந்தைகளுள் இரண்டுக்குக் கண்ணிலே ஊனமிருந்ததையும் குறித்து வைத்தது. 1984 ஆம் ஆண்டில் ஊரவர் குடிக்கும் நீரிலே சி-8 கலந்திருப்பதைத் தானே சோதித்து அறிந்தது. 1991 ஆம் ஆண்டில், குடிநீரில் நூறு கோடியில் ஒரு பங்குக்கு மேல் இப்பொருள் இருத்தலாகாது என்று தனக்கென்று ஓர் எல்லையும் வகுத்தது. அளந்தார்கள், எழுதினார்கள், அறைக்குள்ளே கூடிப் பேசினார்கள். தண்ணீர் குடித்தவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றிலே மறைப்பது என்று நம்மவர் சொல்வது இதனைத்தான்.

இதற்குச் சட்டம் இடங்கொடுத்ததா என்று மாணவர் கேட்கலாம். ஐக்கிய அமெரிக்கா 1976 ஆம் ஆண்டு நச்சுப்பொருட் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியபோது, ஏற்கெனவே வழக்கிலிருந்த ஏறத்தாழ 62,000 இரசாயனப் பொருட்களைச் சோதனையின்றியே தொடரவிட்டது. சி-8 அவற்றுள் ஒன்று. ஆனால் ஒரு பொருளால் கணிசமான ஆபத்து உண்டென்று காட்டும் செய்தி கிடைத்தால் அதனை அரசுக்கு அறிவித்தல் கம்பனியின் கடமை என்றும் அதே சட்டம் விதித்தது. ஆபத்தை முதலில் அறியக்கூடியவன் செய்பவனே. அவன் வாய் திறவாவிடின் அரசும் குருடே.

மூன்று இணக்கங்கள்

நிற்க. இனி மாணவரின் வினாவுக்கு வருவோம்.

விவசாயியின் வழக்கு 2001 ஆம் ஆண்டிலே இணக்கமாக முடிந்தது. தொகை வெளியிடப்படவில்லை. இவ்வகை இணக்கங்களிலே பெரும்பாலும் மூன்று நிபந்தனைகளைக் காணலாம். பணம் கொடுப்பவன் குற்றத்தை ஒப்புக்கொள்வதில்லை. பணம் பெறுபவன் அதே காரணத்துக்காக மீண்டும் வழக்காடுவதில்லை. பலவேளைகளில், நடந்ததை வெளியே பேசுவதுமில்லை. இதனைக் கோழைத்தனம் என்று இகழ்தலாகாது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். நோயாளிக்கு அத்தனை காலம் இராது. தோற்றால் கையிலுள்ளதும் போகும். ஆதலின் ஏழை வழக்காளி இணங்குகின்றான். கம்பனியோ, வழக்கு விளக்கத்திலே வெளிவரக்கூடிய கடிதங்களுக்கு அஞ்சி இணங்குகின்றது. குற்றம் செய்யாதவனும் வழக்குச் செலவுக்கு அஞ்சிப் பணம் கொடுப்பதுண்டு. ஆகவே இணக்கத்தை மட்டும் கொண்டு ஒருவனைக் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ நாம் துணிதல் முடியாது. உண்மை இருந்த இடத்திலேயே இருந்துவிடுகின்றது.

பிலொற் அவ்வாறு விட்டுவிட விரும்பவில்லை. அதே 2001 மார்ச்சு மாதத்தில், ஆவணங்களை இணைத்து 972 பக்கக் கடிதமொன்றை அரசாங்க அதிகாரிகளுக்கு அனுப்பினார். அதன் பயனாகச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் கம்பனியின் மீது நடவடிக்கை எடுத்தது. 2005 ஆம் ஆண்டிலே அதுவும் ஓர் இணக்கத்திலேயே முடிந்தது. கம்பனி 1 கோடி 65 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. அம்முகவரகம் நிர்வாக நடவடிக்கை வழியாக அதுவரை பெற்ற தண்டப்பணங்களுள் அதுவே மிகப் பெரியது என்று கூறப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சொல் மட்டும் அதில் இல்லை. கருவிலுள்ள குழந்தைக்குத் தாயின் இரத்தத்திலிருந்து சி-8 செல்கின்றது என்னும் செய்தியை 1981 முதல் மறைத்துவைத்ததும் அக்குற்றச்சாட்டுகளுள் ஒன்று.

மூன்றாவது இணக்கமே நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. 2000 ஆம் ஆண்டிலே அப்பகுதி மக்களுக்குக் குடிநீர்ச் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தண்ணீரிலே சி-8 என்னும் பொருள் சிறிதளவு உண்டு. அதனால் ஆபத்தில்லை என்பது அதன் சாரம். பலர் அதனை ஒருபுறம் வைத்துவிட்டனர். ஆசிரியர் ஒருவர் மட்டும், “ஆபத்தில்லையாயின் இதனை எனக்கு எழுதுவானேன்?” என்று ஐயுற்று, அலுவலகம் அலுவலகமாக விசாரித்து, ஈற்றில் பிலொற்றிடம் வந்து சேர்ந்தார். 2001 ஆகஸ்டு மாதத்திலே, ஆறு குடிநீர்ப் பிரிவுகளைச் சேர்ந்த மக்கள் அனைவரின் சார்பிலும் வழக்குத் தொடரப்பட்டது.

இங்கே பெரும் முட்டுக்கட்டை ஒன்று எழுந்தது. இப்பொருள்தான் இந்நோயை விளைவித்தது என்று வழக்காளி நிரூபித்தாக வேண்டும். ஆனால் கம்பனிகளுக்கு வெளியே இப்பொருளை ஆராய்ந்தவர் மிகச் சிலரே. இருக்கின்றதென்றே உலகம் அறியாத பொருளை யார் ஆராய்வர்? மறைத்தவனுக்கு அவன் மறைத்ததே அரணாயிற்று.

கைநீட்டிக் கொடுத்த இரத்தம்

2004 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே இணக்கம் ஏற்பட்டது. ஆறு பிரிவுகளிலும் தண்ணீரை வடிகட்டும் நிலையங்களைக் கம்பனி அமைத்துக் கொடுக்க வேண்டும்; அத்துடன் 7 கோடி டொலர் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தைத் தலைக்கு இவ்வளவென்று பிரித்திருந்தால் ஆளுக்கு ஏறக்குறைய ஆயிரம் டொலர் கிடைத்து, கதையும் அங்கேயே முடிந்திருக்கும். வழக்காளிகள் வேறு வழியைத் தெரிந்தனர். அப்பணத்தைக் கொண்டு ஊரவர் அனைவருடைய இரத்தத்தையும் சோதிப்பது என்று தீர்மானித்தனர். இரத்தம் கொடுத்து, தம் நோய் விவரங்களையும் எழுதிக் கொடுப்பவருக்கு 400 டொலர் வழங்கப்படும் என்று அறிவித்தனர். இருதரப்பாரும் ஏற்றுக்கொண்ட மூன்று விஞ்ஞானிகள் அவ்விவரங்களை ஆராய்ந்து, எந்நோய்க்கும் சி-8 க்கும் தொடர்புண்டு, எதற்கு இல்லை என்று கூறவேண்டும். தொடர்பில்லை என்று அவர்கள் கூறினால் ஊரவர் வழக்காடும் உரிமையை இழப்பர். தொடர்புண்டு என்றால், இப்பொருளால் அந்நோய் வரக்கூடும் என்பதைக் கம்பனி மறுத்துரைக்க முடியாது. மருத்துவப் பரிசோதனைகளுக்கென 23 கோடி 50 இலட்சம் டொலர் வரை மேலும் கொடுத்தாக வேண்டும்.

எண்ணிப் பாருங்கள், நேயர்களே! கைக்கு வந்த பணத்தைக் கொண்டு தமக்கு எதிராகவும் திரும்பக்கூடிய ஓர் உண்மையை விலைக்கு வாங்க அம்மக்கள் துணிந்தனர். கம்பனி அவ்வூரின் சோற்றுப்பானை. தந்தையும் மகனும் பேரனும் அங்கே வேலைபார்த்த குடும்பங்கள் பல. வழக்காடியவர்களைக் கண்டு அயலவர் முகந்திருப்பியதும் உண்டு. ஆயினும் 2005, 2006 ஆம் ஆண்டுகளிலே ஏறத்தாழ 69,000 பேர் வந்து கைநீட்டி இரத்தம் கொடுத்தார்கள். நஞ்சொன்றைப் பற்றி அறிதற்கு ஓர் ஊரே திரண்டு இவ்வாறு இரத்தம் கொடுத்த நிகழ்ச்சிகள் மிக அரிது.

பதில் விரைவில் வரவில்லை. ஆண்டுகள் ஏழு கழிந்தன. காத்திருந்தோருட் பலர் இறந்தனர். முதல் வழக்கைத் தொடுத்த விவசாயியும் 2009 இல் கண்மூடினார். ஐம்பதுக்கு மேற்பட்ட நோய்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள், 2011 டிசெம்பர் முதல் 2012 ஒக்ரோபர் வரை தம் முடிபுகளை வெளியிட்டனர். சிறுநீரகப் புற்றுநோய், விதைப் புற்றுநோய், தைரொயிட் சுரப்பி நோய், குடற்புண் அழற்சி, இரத்தத்திற் கொலஸ்திரோல் மிகுதல், கர்ப்பகாலத்து இரத்த அழுத்தம் ஆகிய ஆறனுக்கும் சி-8 க்கும் தொடர்பிருத்தல் கூடும் என்றனர். ஏனைய நோய்கள் பலவற்றுக்கு அத்தகைய தொடர்பைக் காணவில்லை என்பதையும் ஒளியாது கூறினர். அந்நேர்மையே முன்னைய ஆறனுக்கும் வலிமை தந்தது.

அதன்பின் வழக்குகள் ஒவ்வொன்றாக விளக்கத்துக்கு வந்தன. 2015 ஒக்ரோபரில் ஒகையோவின் கொலம்பஸ் நகரிலே, சிறுநீரகப் புற்றுநோய் கண்ட பெண்ணொருவருக்கு 16 இலட்சம் டொலர் வழங்குமாறு யூரிமார் தீர்த்தனர். மேலும் சில வழக்குகளிலும் தோற்றபின், 2017 பெப்ரவரியில் டியூபொன்ற் கம்பனியும் அதிலிருந்து பிரிந்த கெமூர்ஸ் கம்பனியும் ஏறத்தாழ 3,550 வழக்குகளை 67 கோடி 10 இலட்சம் டொலருக்கு இணக்கமாக முடித்தன. அப்பொழுதும் தவறு எதனையும் அவை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இம்முறை அந்த ஒப்புதல் பெரிதாக வேண்டியிருக்கவில்லை. உண்மை ஏற்கெனவே ஊரவர் கையில் இருந்தது.

அவ்வுண்மை அவ்வூரோடு நிற்கவுமில்லை. 2019 ஆம் ஆண்டிலே ஸ்டொக்ஹோம் சமவாயத்தின் கீழ் சி-8 நீக்கப்படவேண்டிய பொருளாகப் பட்டியலிடப்பட்டது. இலங்கையும் அச்சமவாயத்திற் சேர்ந்த நாடே. 2023 ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருட்களின் வரிசையிலே வைத்தது. 2024 ஏப்ரலில் ஐக்கிய அமெரிக்க அரசு குடிநீருக்கு வகுத்த எல்லை இலட்சம் கோடியில் 4 பங்கு. கம்பனி 1991 இல் தனக்கென்று வகுத்துக்கொண்ட எல்லையிலும் இது 250 மடங்கு குறைவு. 2023 இல், இவ்வினப் பொருட்களால் மாசுற்ற குடிநீர்ச் சபைகளுக்கு 1,030 கோடி டொலர் கொடுக்க 3எம் கம்பனியும், 118 கோடி 50 இலட்சம் டொலர் கொடுக்க டியூபொன்ற் வழிவந்த கம்பனிகளும் உடன்பட்டன.

முடிவுரை

கதை முற்றும் முடிந்துவிட்டதென்று எண்ணலாகாது. சி-8 ஐக் கைவிட்டபோது, அதற்குப் பதிலாக 2009 ஆம் ஆண்டிலே ‘ஜென்எக்ஸ்’ என்னும் உறவுப்பொருள் ஒன்று கொணரப்பட்டது. 2017 இல் வட கரோலைனா மாநிலத்துக் கேப் பியர் நதியிலே, மக்கள் குடிக்கும் நீரிலே, அதுவும் இருப்பதாகச் செய்தி வெளிவந்தது. பெயர் மாறியது, மக்கள் கடைசியாக அறிந்த முறை மாறவில்லை.

நம் இல்லங்களிலே உள்ள தாச்சியை எறிந்துவிடுமாறு நாம் சொல்ல வரவில்லை. இன்று செய்யப்படும் தாச்சிகளிற் சி-8 பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. வெறுந் தாச்சியைக் கடுந்தீயிலே காயவிடாமலும், பூச்சு உரிந்ததைப் பாவியாமலும் இருத்தல் நன்று. மண்சட்டியும் இரும்புத் தோசைக்கல்லும் வைத்திருப்போர் அவற்றைப் போற்றுதல் இன்னும் நன்று. ஆனால் பொருளொன்றை வாங்குமுன் “என்ன விலை?” என்று கேட்கும் நாம், “இதிலே என்ன கலந்திருக்கின்றது?” என்றும் கேட்கப் பழகுதல் வேண்டும். விடை தெரியாத கடைக்காரரும் பத்துப்பேர் கேட்டால் மேலிடத்தைக் கேட்பார்.

எம்மிடம் வினவிய மாணவருக்கு ஈற்றிலே இதனைச் சொன்னோம்: “தம்பி, நீர் சட்டத்தரணியாகி ஒருநாள் இத்தகைய வழக்கொன்றை நடத்துவீராயின், இணக்கத்துக்கு வரும் கம்பனியிடம் பணத்தைக் கேளும். அது நோயாளியின் மருந்துக்கு வேண்டும். ஆனால் பெட்டிகளிலே கிடக்கும் கடிதங்களையும் கேளும். வைத்தியர்கள் ஆராய்வதற்கு வழியையும் கேளும். பணம் ஒரு குடும்பத்துக்கு உதவும். அந்தப் பதில், நீர் காணாத ஊரிலே பிறக்கப்போகும் குழந்தைக்கும் உதவும்.”

தம்பி சற்று நேரம் பேசாதிருந்து, “அந்த ஊரிலே நான் இருந்திருந்தால் ஆயிரம் டொலரையே கேட்டிருப்பேன், ஐயா” என்றார். நாமும் அவ்வாறே கேட்டிருப்போம் என்றுதான் எமக்கும் தோன்றியது. அதனாலேயே அந்த 69,000 பேரையும் நாம் மறத்தலாகாது.